வித்துராவுக்கு ஒரு பெட்டி வில்லைகள்

அன்புள்ள மருமகனுக்கு,

சிங்கப்பூரிலிருந்து மாமா. நீ அனுப்பிய படம் வந்தது. அலுமினியப் பெட்டி, உள்ளே 500 போக்கர் சிப்ஸ், அதாவது வில்லைகள், இரண்டு சீட்டுக்கட்டு, கறுப்பு வெல்வெட் மெத்தை. ஓணத்துக்கு வரும்போது கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறாய். வாங்கி வருவேன், ஆனால் அந்தப் பெட்டியை அல்ல. அதன் விலையில் பாதிகூட இல்லாத வேறொன்றை. மாமா கை இழுக்கிறார் என்று நீ நினைத்துவிடக் கூடாது. அதனால்தான் இந்த மாத மடலை உனக்கே எழுதுகிறேன். வீட்டில் நாலு பேர் கூடிச் சீட்டாடுகிற மற்ற வாசகர்களுக்கும் இது உதவும்.

முதலில் எடை. பெட்டியின் மேல் ‘காசினோ தரம், 13.5 கிராம்’ என்று அச்சடித்திருப்பதைத்தான் நீ பெரிதாக எடுத்துக்கொண்டாய். உண்மையான காசினோவில் புழங்கும் களிமண் கலவை வில்லை பெரும்பாலும் எட்டரையிலிருந்து பத்து கிராம்தான் இருக்கும். குறுக்களவு 39 மில்லிமீட்டர், கனம் 3.3 மில்லிமீட்டர். பதினொன்றரை, பதின்மூன்றரை, பதினான்கு என்று கடையில் கிராம் ஏற ஏற விலை ஏற்றி விற்பவை பிளாஸ்டிக் வில்லைகள். நடுவில் ஓர் உலோகத் தகட்டைப் பொதிந்து எடையைக் கூட்டியிருப்பார்கள். பல கடைகளில் அதையே ‘களிமண்’ என்றும் சொல்வார்கள். கையில் தூக்கினால் கனமாக இருக்கும், மேசையில் போட்டால் ‘டக்’ என்று விழும், அவ்வளவுதான். நீ கூடுதலாகக் கொடுக்கும் காசு அந்தத் தகட்டுக்குப் போகிறது. ஒன்று 13.5 கிராம் என்றால் 500 வில்லைக்கு 6.75 கிலோ. பெட்டியும் சேர்ந்தால் எட்டு கிலோவை நெருங்கும். உன் அம்மா எழுதியனுப்பிய பட்டியலில் பாதியை நான் இங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும்.

இந்தப் பெட்டி மோகம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்கிறேன். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர், சில பத்து டாலர் கட்டணத்தில் ஓர் இணையத் தகுதிப் போட்டி வழியாக நுழைந்து, உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியையே வென்றார். பரிசு 25 லட்சம் டாலர். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் தங்கள் வீட்டு மேசையும் அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அலுமினியப் பெட்டிகள் மலைமலையாய் விற்றன. இன்று உன் கைப்பேசியில் வந்து நிற்பதும் அந்த அலையின் மிச்சம்தான்.

அந்தப் பெட்டி இல்லாமலும் ஆடலாம். இங்கே என் அடுக்குமாடியில், பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி புத்தாண்டு விடுமுறையில் மாஜோங் ஆட உட்காருவார். மகன்கள், மருமகள்கள், பேரன்கள் என்று வீடு நிறைந்திருக்கும். கட்டைகளைக் கலைக்கும் சலசலப்பு நள்ளிரவு வரை கேட்கும். அவர்கள் கணக்கு வைத்துக்கொள்வது மெல்லிய பிளாஸ்டிக் வில்லைகளில்தான், ஊதினால் நகரும். அதை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஒரு புள்ளி பிசகாமல் கணக்குத் தீர்க்கிறது.

உன் ஊர் வித்துராவுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. அங்கே பெய்கிற மழையை உனக்கு நான் சொல்ல வேண்டாம். பொன்முடி மலையில் இறங்கும் மேகம் கல்லாறு வழியாக நம் வீட்டு அலமாரிக்குள்ளும் வந்துவிடும். மிதுனம், கர்க்கடகம் இரண்டு மாதமும் தோல் செருப்பில் பூசணம் பூக்கிற ஊர் அது. வெல்வெட் மெத்தை வைத்த பெட்டி அங்கே ஒரு மழைக்காலம் தாங்காது. வில்லையின் நடுவே காகித ஒட்டுப்படம் வைத்தவற்றையும் வாங்காதே. ஈரத்தில் ஓரம் தூக்கும், பிள்ளைகள் நகத்தால் உரிப்பார்கள். தங்க நிறத்தில் அச்சுக் குத்தியவை கைபட்டுக் கைபட்டு மங்கும். செராமிக் வில்லைகளில் படத்தை உடம்பிலேயே அச்சடித்துவிடுவதால் ஒன்றும் உரியாது. அவை நல்லவைதான், ஆனால் விலை உன் கணக்கைத் தாண்டிவிடும். ஆகவே நிறமும் வார்ப்பிலேயே வந்த, விளிம்பில் வெள்ளைக் கோடு போட்ட, ஒட்டோ தகடோ இல்லாத சாதாரண பிளாஸ்டிக் வில்லை போதும். அழுக்கானால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, துணி உறையில் போட்டு வைக்கலாம்.

கடையில் நான் பார்க்கப்போவது மூன்றைத்தான். இருபது வில்லையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவேன். பக்கத்தில் இன்னொரு இருபது. இரண்டு அடுக்கும் ஒரே உயரம் நிற்க வேண்டும். நின்றால் ஆட்டத்தின்போது எண்ண வேண்டியதே இல்லை, அடுக்கைப் பக்கத்தில் வைத்தால் கண்ணே சொல்லிவிடும். பிறகு ஒன்றிரண்டை மேசையில் வைத்துச் சுண்டிப் பார்ப்பேன். நடுவில் புடைத்த வில்லை சுழலும், அது அடுக்கில் நிற்காது. மூன்றாவது, மங்கிய வெளிச்சத்தில் நிறம் பிரிகிறதா என்பது. நம் ஊரில் மின்சாரம் போகாத மழை இரவு ஏது? நீலமும் கறுப்பும் எமர்ஜென்சி விளக்கில் ஒன்றாகிவிடும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் பலர் உண்டு, உன் நண்பர்களிலும் ஒருவர் இருக்கலாம். விளிம்புக் கோடு நிறத்துக்கு நிறம் வேறாக இருந்தால் அந்தச் சிக்கலும் தீரும்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். நீங்கள் ஆறு பேர். 500 வேண்டாம், 300 தாராளம். ஆனால் 300 என்று எழுதிய பெட்டிகள் பலவற்றில் வெள்ளை 100, மற்ற நாலு நிறத்தில் 50 வீதம் என்று போட்டிருப்பார்கள். அது உங்களுக்குச் சரிப்படாது. வெள்ளை 100, சிவப்பு 100, பச்சை 50, கறுப்பு 50 என்று பிரித்து வாங்கித் தருகிறேன். வெள்ளைக்கு 1, சிவப்புக்கு 5, பச்சைக்கு 25, கறுப்புக்கு 100 புள்ளி என்று வைத்துக்கொள். அமெரிக்கக் காசினோக்களில் பழக்கமான வரிசையும் இதுதான். ஆளுக்கு 15 வெள்ளை, 12 சிவப்பு, 5 பச்சை கொடுத்தால் 15, 60, 125 சேர்ந்து 200 புள்ளி. ஆறு பேருக்கும் கொடுத்த பிறகு பத்து வெள்ளை, 28 சிவப்பு, 20 பச்சை மிஞ்சும். தோற்று எழுந்தவன் மறுபடி உட்கார வந்தால் கறுப்பு இருக்கிறது. ஒருவர் மட்டும் வங்கியாக இருந்து கொடுக்கல் வாங்கலைப் பார்க்கட்டும். அவர் பெயரை ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

வில்லையின் மேல் எண் வேண்டாம். எண் போட்டது ஓர் ஆட்டத்துக்கு மட்டும்தான் ஆகும். எண் போடாதது போக்கருக்கும் ஆகும், நம் ஊர்ச் சீட்டாட்டங்களான இருபத்தெட்டுக்கும் ஐம்பத்தாறுக்கும் ஆகும். எனக்கு இதுதான் முக்கியம். நீ போக்கரை ஃபோனில் பார்த்துக் கற்றாய். ஆனால் உன் தாத்தாவும் போணக்காட்டுத் தேயிலைத் தோட்ட லயங்களில் இருந்த நம் சொந்தக்காரர்களும் கொழுந்து எடை போட்டு முடித்த மாலையில் ஆடியது இருபத்தெட்டு. 32 சீட்டு, நாலு பேர், ஜாக்கிக்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஏலம் எடுத்தவர் துருப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருப்பார். போக்கரில் எதை நீ ரசிக்கிறாயோ அது அத்தனையும் அதில் இருக்கிறது, கூடவே எதிரே ஒரு கூட்டாளியும் இருக்கிறார். ஐம்பத்தாறுக்கு 48 சீட்டு, மூன்று பேர் கொண்ட இரண்டு அணி. நீங்கள் ஆறு பேர், கணக்காகப் பொருந்துகிறது. அணிக்குப் பன்னிரண்டு வில்லையோடு தொடங்கி, ஏலம் உயர உயரப் பணயமும் உயரும். தோற்ற அணி வில்லை கொடுக்கும். அதுவும் தீர்ந்தால் தோற்றவர் காதில் குணுக்கு என்னும் தொங்கல். குரும்பையோ பிலா இலையோ காதில் தொங்க உட்கார்ந்திருந்த பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த கையில் அதைக் கழற்றியே தீர வேண்டும் என்று அவர்கள் ஆடிய வேகத்தைப் பணம் வைத்தாடும் எந்த மேசையிலும் நான் கண்டதில்லை.

அந்த நாளில் கணக்குக்கு மஞ்சாடி, புளியங்கொட்டை, தீக்குச்சி. செலவே இல்லை. பல்லாங்குழிக்கு வைத்திருந்த சோழியைப் பாட்டியிடம் கெஞ்சி வாங்குவதும் உண்டு. அதுவே போதாதா என்று நீ கேட்கலாம். குணுக்கு ஆட்டத்துக்குப் போதும். போக்கருக்குப் போதாது. மஞ்சாடி மரம் தெருவுக்குத் தெரு நிற்கிறது, தீப்பெட்டி எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. மேசையில் இருப்பதோடு நாலு கூடுதலாய்ச் சேர்ந்தால் யாருக்கும் தெரியாது, தெரிந்தால் சிநேகம் முறியும். உள்ளூர்க் கடையில் கிடைக்காத ஒரு பொருளாக இருப்பதுதான் வில்லையின் தகுதி. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இதை இங்கிருந்து வாங்கி வர நான் ஒத்துக்கொண்டேன்.

இப்போது பணம். மருமகனே, இதை மாமா வற்புறுத்தியே சொல்கிறேன்: வில்லையைப் பணமாக மாற்றாதீர்கள். பணத்தைக் கண்ணிலிருந்து மறைப்பதற்காகவே காசினோ வில்லையைப் புழங்கவிடுகிறது. ஐந்நூறு ரூபாய்த் தாளை நடுவில் தள்ளும்போது கை ஒரு நொடி தயங்கும். பச்சை வில்லையைத் தள்ளும்போது தயங்காது. ஃபோனில் ஆடும்போது வில்லைகூடக் கிடையாது, திரையில் ஓர் எண் மாறுகிறது, அவ்வளவுதான். அந்த வழியில் கடனாளியாகி உயிரை விட்டவர்களின் செய்தி நம் திருவனந்தபுரம் பக்கத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தபோதெல்லாம் எனக்கு இங்கே தூக்கம் வரவில்லை. கேரள அரசு 2021 பிப்ரவரியில் பணம் வைத்தாடும் இணைய ரம்மியைத் தடுக்க அறிவிக்கை போட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழ்நாடு 2022இல் நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றமே இணையப் பண விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. வீட்டு மேசைக்கு வருவது 1960இன் கேரள கேமிங் சட்டம். இடம் கொடுத்ததற்காக வீட்டுக்காரர் ஒரு பங்கு எடுத்தால் அந்த வீட்டைச் சட்டம் சூதாட்ட விடுதியாகப் பார்க்கும். உன் அம்மா குடியிருக்கும் வீடு அது.

இங்கே சிங்கப்பூரில் 2022 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் இருக்கும் சட்டம், வீட்டுக்குள் குடும்பத்தாரும் நண்பர்களும் ஆடுவதை அனுமதிக்கிறது. யாரும் அதைத் தொழிலாகச் செய்யக் கூடாது, ஆட்டத்தில் ஜெயிப்பது தவிர வேறு லாபம் யாருக்கும் போகக் கூடாது. காசினோவுக்குள் நுழைய வேண்டும் என்றால், குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளைக்கு 150 வெள்ளி தீர்வை கட்ட வேண்டும். சொந்த ஜனங்கள் அந்த வாசலில் தயங்கி நிற்க வேண்டும் என்று நினைத்துத்தான் இந்த அரசு அந்தத் தொகையை வைத்திருக்கிறது. பத்து மணிநேர வேலை முடிந்து தங்கும் விடுதிக்குத் திரும்பும் நம் பையன்களிடமும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்களில் சிலர் மாதச் சம்பளத்தை ஊருக்கு அனுப்புமுன் ஒரே இரவில் தொலைத்ததை நேரில் கண்டிருக்கிறேன். வென்றவன் முகத்திலும் அன்று சந்தோஷம் இல்லை.

போக்கரை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. எதிராளியின் மௌனத்தைப் படிப்பதும், கையில் ஒன்றுமில்லாதபோது விலகத் தெரிவதும் பழக வேண்டியவைதான். மாதக் கடைசியில் புள்ளியைக் கூட்டுங்கள். அதிகம் பெற்றவனுக்குப் பொன்முடியில் மற்ற ஐந்து பேரும் பரோட்டாவும் மாட்டிறைச்சி வறுவலும் வாங்கிக் கொடுங்கள். 22 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ச் சாப்பிட்டால் பசி தனியாக இருக்கும்.

எனக்கு இரண்டு விவரம் வேண்டும். ஆறு பேர்தானா, இல்லை அங்கே ஐஸர் கல்வி நிறுவனத்தில் படிக்கும் உன் சிநேகிதர்களும் சேர்வார்களா? ஏழாவது ஆள் வந்தால் வெள்ளை ஐந்து குறையும், அதற்கு ஏற்றபடி கூடுதலாக ஒரு கட்டு வாங்க வேண்டும். இன்னொன்று, கூட்டத்தில் யாருக்காவது சிவப்பும் பச்சையும் குழம்புகிறதா என்று கேட்டுச் சொல். குழம்பினால் பச்சைக்குப் பதில் மஞ்சள் எடுத்துவிடுகிறேன். சீட்டுக்கட்டு முழு பிளாஸ்டிக்கில் இரண்டு வாங்கியாகிவிட்டது, மழையில் ஊறாது. அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போகிறேன், அதற்குள் பதில் போடு.

அன்புடன்,
மாமா