முகிலைக் குடிக்கும் காடு

ஹோட்டன் சமவெளிக்குச் செல்வோரிற் பெரும்பாலோர் 'உலக முடிவு' எனப்படும் செங்குத்துப் பாறையைக் காணவே செல்கின்றனர். முகில் மூடுமுன் அவ்விடத்தை அடைந்துவிட வேண்டுமென்ற அவசரத்தில், வழியின் இரு மருங்கிலும் நிற்கும் காட்டை அவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நாம் சென்றதோ அக்காட்டின் பொருட்டே. முகில் வந்து மூடினும் எமக்கு நட்டமில்லை. முகில் வரும்போதுதான் அக்காடு தன் தொழிலைத் தொடங்குகின்றது.

பட்டிப்பொல நிலையத்திற் புகைவண்டியை விட்டு இறங்கினோம். கடல் மட்டத்திலிருந்து 1891 மீற்றர் உயரத்திலுள்ள இதுவே இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையமாகும். அங்கிருந்து மோட்டார் வண்டியில் வளைந்து வளைந்து ஏறினால், 2100 மீற்றருக்கு மேற்பட்ட மேட்டுநிலம் கண்முன் விரிகின்றது. 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த வில்மட் ஹோட்டனின் பெயரை இன்றும் அது தாங்கி நிற்கின்றது. 1988இல் இந்நிலம் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. வாயிலிற் காவலர் பைகளைத் திறந்து பொலித்தீன் உறைகளையெல்லாம் எடுத்துவிடுகின்றனர். எமது பிஸ்கற்றுகளும் உறையிழந்தே உள்ளே சென்றன. நல்ல வழக்கந்தான்.

மாசி மாதக் காலைப்பொழுது. புல்வெளியில் உறைபனி வெண்ணூல் போற் படர்ந்திருந்தது. காட்டினுள் நுழைந்ததும் முதலில் எம் கண்ணிற் பட்டது மரங்களின் குறுமையே. கடற்கரையிலே புன்னை நிழலில் விளையாடியும், நாவற்பழம் பொறுக்கியும் வளர்ந்தவர்களுக்கு இக்காடு ஒரு வேடிக்கை. இங்கு மிகுந்து நிற்கும் 'கீன' மரம் எமது புன்னையின் இனத்தது. அதனருகே நாவலின் உறவு ஒன்று, கறுவாவின் உறவு ஒன்று, அப்பால் சண்பகத்தின் உறவு ஒன்று. சமநிலத்து உறவினர் நெடிது வளர, மலைக்கு வந்த இவர்கள் காற்றுக்கும் குளிருக்கும் அஞ்சிக் கூன் விழுந்து, முறுக்கேறிய உடலும் தடித்த சிற்றிலைகளுமாக நிற்கின்றனர். எல்லா மரத்தின் தலையும் ஒரே மட்டத்திற் கத்தரித்து விட்டாற்போலக் குடை விரித்திருக்கின்றது.

இம்மரங்களில் வெறும் பட்டையைக் காண்பதரிது. தண்டெங்கும் பாசியும் பன்னமும் மூடியிருக்கின்றன. அவற்றிடையே சாம்பல், வெளிர்பச்சை, மஞ்சள் நிறங்களில் இலைக்கன்கள். சில, சுண்ணாம்புப் பூச்சுப் போற் பட்டையோடு ஒட்டியவை. சில, காய்ந்த சருகு போல விளிம்பு சுருண்டவை. வேறு சில, முனிவரின் சடை போலக் கிளைகளிலிருந்து தொங்குபவை. செட்டிநாட்டுச் சமையலில் வாசனைக்கு இடும் கற்பாசியும் ஓர் இலைக்கனே. மாணவர்கள் அமிலத்திற் தோய்த்துச் சிவக்கக் காணும் பாசிச்சாயத்தாளின் சாயமும் இலைக்கனிலிருந்து வந்ததே.

இலைக்கன் என்பது ஒரு செடியன்று, ஒரு குடித்தனம். பங்கசு வீட்டைக் கட்டி நீரைத் தேக்கி வைக்கின்றது. அதனுள் வாழும் அல்கா ஒளியைக்கொண்டு உணவு சமைக்கின்றது. 1867இல் சுவிற்சர்லாந்துத் தாவரவியலறிஞர் சுவென்டனர் இதனை வெளியிட்டபோது, இலைக்கன்களை ஆராய்வதிலே முதுமையெய்தியோர் பலர் நகைத்தனர்; உண்மை அவர் பக்கமே நின்றது. எமது நாட்டு இலைக்கன்களைப் பேராதனைப் பூந்தோட்டத்தின் அதிபர் துவெயிற்ஸ் சேகரித்து அனுப்ப, அவற்றின் விபரம் 1870இல் இங்கிலாந்தில் அச்சாயிற்று.

பத்து மணியளவில் முகில் ஏறி வந்தது. மழையில்லை, ஆயினும் சற்று நேரத்தில் மரத்தடியெங்கும் சொட்டுச் சொட்டென நீர் விழலாயிற்று. மரங்களுக்கப்பாற் புல்வெளியிலோ ஒரு சொட்டும் விழவில்லை. காலையிலே தொட்டால் நொறுங்கிய சடையிலைக்கன், இப்போது மெல்லிய பட்டுப்போற் குழைந்து பசுமை காட்டியது. இலையும் பாசியும் சடையும் சேர்ந்து முகிலைச் சீப்பினால் வாருவது போல வாரி, நீர்த்துளிகளாக்கி மண்ணுக்குக் கொடுக்கின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இம்மேட்டுநிலத்திலிருந்து நீர் செல்கின்றது. அந்நீரில் ஒரு பங்கு மழையாக விழாது, இவ்வாறு வாரி எடுக்கப்பட்டதாகும்.

இந்த ஈரத்தை நம்பியே சிற்றுயிர்கள் வாழ்கின்றன. பாசி படிந்த கிளையொன்றில், மூக்கின் நுனியில் வெண்கொம்பு தாங்கிய ஓணான் ஒன்று அசையாதிருந்தது. இக்கொம்பு ஓணான் இனம் இலங்கையன்றி வேறெங்கும் இல்லை. அதைக் கண்டுபிடிக்க எமக்குக் கால்மணி நேரம் சென்றது. கண்டபின்போ, எப்படிக் காணாது நின்றோம் என்று தோன்றியது. இதே காட்டில் வாழும் மற்றொரு சிறிய ஓணான், வாலினாற் கிளையைச் சுற்றிப் பிடித்துக்கொள்வது. முட்டையிடாது குட்டி ஈனுவது. குளிர்ந்த மண்ணில் முட்டையைப் புதைப்பதிலும் வயிற்றிற் சுமந்து வெயிலிற் காய்வது நலமென்பது அதன் கணக்குப் போலும். சருகின் கீழ் வாழும் சிறு தவளைகளின் கணக்கு வேறு. அவை ஈரமண்ணில் முட்டையிடுகின்றன. வாற்பேய்ப் பருவம் முட்டைக்குள்ளேயே கழிய, நகமளவேயான முழுத்தவளை வெளிவருகின்றது. குளம் வேண்டாம், ஆனால் மண்ணின் ஈரம் ஒருநாளும் வற்றலாகாது.

காட்டின் ஓரிடத்தில் மரங்கள் பல பட்டு, எலும்புக் கூடுகளாய் நின்றன. அவற்றின்மேற் சடைகள் முன்னிலும் அடர்ந்து தொங்கின. எமக்கு முன்னே பேத்தியுடன் நடந்த முதியவர் ஒருவர் அவற்றைச் சுட்டி, "இந்தச் சடை பிடிச்சுத்தான் மரம் சாகுது, பிள்ளை" என்றார். பிள்ளை விடவில்லை. "அப்ப, உயிரோடை நிக்கிற மரத்திலையும் இருக்குதே, அப்பப்பா?" என்றது. முதியவர் சிரித்து மழுப்பிவிட்டார்.

பிள்ளையின் கேள்வியே சரி. இலைக்கன் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. காற்றிலும் மழையிலும் வருவதையே உண்கின்றது. மரம் பட்டு இலை உதிர்ந்ததும் ஒளி கூடுதலாகக் கிடைக்க, அது செழிக்கின்றது. கொலை நடந்த இடத்தில் நிற்பவனெல்லாம் கொலைகாரன் ஆகான். இங்கு மரங்கள் கூட்டமாய்ப் பட்டுப்போவது 1970ஆம் ஆண்டுகளிலிருந்து கவனிக்கப்பட்டு வருகின்றது. கீன மரமும் நாவலின் உறவும் இந்நோயில் மிக நலிந்தவை. மண்ணிலுள்ள ஈயம், நீர்க்குறைவு, உறைபனி, காற்றின் மாசு என ஆய்வாளர் பலவற்றைச் சுட்டியுள்ளனர். மரம் பட்ட திட்டிகளில் நண்பகல் வெயில் நேரே மண்ணைத் தொடுகின்றது. அங்கே சருகைப் புரட்டிப் பார்த்தோம். கீழே மண் தூளாயிருந்தது, தவளை ஒன்றேனும் இல்லை.

காற்றின் மாசு பற்றி மட்டும் இலைக்கனையே சாட்சி கேட்கலாம். பாரிஸ் நகரின் லக்சம்பேர்க் பூந்தோட்டத்து மரங்களின் இலைக்கன்களை 1866இல் நிலாண்டர் என்னும் அறிஞர் ஆராய்ந்து, நகரக் காற்றின் கேட்டுக்கு அவற்றையே அளவுகோலாக்கினார். கந்தகப் புகை பட்டால் முதலில் மறைவன சடை வகைகள். ஒட்டு வகைகள் கடைசிவரை தாக்குப்பிடிப்பன. ஹோட்டன் சமவெளியிற் சடைகள் முழநீளத்துக்குத் தொங்குவதைக் காணும்போது, புகையைவிட நீர்க்குறைவின் மீதே எமது ஐயம் செல்கின்றது.

இச்சோதனைக்கு மாணவர்கள் மலையேற வேண்டியதில்லை. வீட்டு மாமரத்தின் தண்டிலும் தென்னையின் அடியிலும் வெண்சாம்பல் வட்டங்கள் உண்டு. பெருந்தெருவோரத்து மரம் ஒன்றையும் உட்கிராமத்து மரம் ஒன்றையும் தேர்ந்து, ஒரு சாணளவு நீள அகலத்தில் எத்தனை வகை என எண்ணிக் குறித்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே இன மரமாயிருத்தல் வேண்டும். உருப்பெருக்குக் கண்ணாடி ஒன்றும், சிறிது தண்ணீரும் கைவசம் இருக்கட்டும். நீர் தெளித்த சில நிமிடங்களிற் சாம்பல் நிறம் பச்சையாக மாறும்.