ஒரு சோலெக்ஸா, இரண்டு எஸ்.யூ.வா?

மூன்று மாதமாக வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்களை எல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்லி அறுத்திருக்கிறேன். பிராயச்சித்தமாக முழுக்கதையையும் ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன். இனி யாராவது "என்னடா ஆச்சு உன் டப்பா வண்டி?" என்று கேட்டால் இதைக் காட்டிவிட்டு நான் பாட்டுக்குப் போய்விடலாம்.

எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகையில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் நிற்கிறது. 1967 மாடல். பெயர் கேள்விப்படாதவர்களுக்கு: இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பிறவி இது. வடிவமைத்தவர் ஜொவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் இதைச் செய்தார்கள். நாங்கள் இருப்பது தாம்பரம். ஆக, பிறந்த ஊரிலேயே கிடந்து வயசான கார். நான்கு சிலிண்டர், 948 சிசி. இதில் எனக்கு மிகவும் பிடித்தது பானெட்தான். மட்கார்ட், ஹெட்லைட்டோடு சேர்த்து மொத்த மூஞ்சியும் முன்பக்கம் கவிழும். டயர் மேல் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு என்ஜினில் வேலை பார்க்கலாம்.

தாத்தா 1978இல் செகண்ட் ஹாண்டில் வாங்கியது. 2011இல் அவர் போனபிறகு வண்டி நகரவில்லை. போன வருஷம் அப்பா தன் செலவில் என்ஜினைப் பிரித்து, ரிங் மாற்றி, டயரும் போட்டு வைத்தார். அதற்குமேல் அவர் கையில் காசு இல்லை. அப்போதுதான் பாட்டி (82 வயசு) உத்திரமேரூர் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலுக்கு இந்த வண்டியில்தான் போகணும் என்று ஆரம்பித்தாள்.

"டாக்ஸியில போலாமே பாட்டி?"

"டாக்ஸியில போறதுக்கு உன்னை எதுக்குடா கேக்கறேன்?"

அடுத்த நாள் சீட்டுப் பணம் 30,000 ரூபாயை என் கையில் கொடுத்துவிட்டாள். நான் மெக்கானிக்கல் படிக்கிறேன் என்ற ஒரே தகுதிதான். கல்லூரியில் என் மதிப்பெண்களைப் பார்த்திருந்தால் கொடுத்திருக்க மாட்டாள்.

பாக்கி இருந்தது கார்பரேட்டரும் பிரேக்கும். யோசித்துப் பாருங்கள், இருபது வயசுப் பையனுக்கு இதில் எது கண்ணில் படும்?

வண்டியில் இருந்தது ஒற்றை சோலெக்ஸ். பழைய பெட்ரோல் காய்ந்து உள்ளே பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. த்ராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்து ஆடியது. அந்த இடைவெளியில் கள்ளத்தனமாகக் காற்று நுழையும். என்ஜின் ஐடிலில் நிற்காது. இதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரட்டை எஸ்.யூ. மாட்டணும் என்பது என் கனவு. கனவுக்கு ஆதாரமும் இருந்தது. இங்கிலாந்தில் ஹெரால்ட் சலூனுக்கு ஒற்றை சோலெக்ஸ், அதே என்ஜின் போட்ட கூபேவுக்கு இரட்டை எஸ்.யூ. கூபேவுக்குச் சுமார் பத்து குதிரைத்திறன் கூடுதல். முப்பத்தைந்தைத் தொடாத வண்டிக்குப் பத்து என்றால் சும்மாவா? (கூபேவில் அழுத்த விகிதத்தையும் ஏற்றியிருந்தார்கள் என்ற சின்ன எழுத்தை நான் வசதியாகப் படிக்காமல் விட்டேன்.)

எஸ்.யூ. என்பது ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம். ஸ்கின்னர் குடும்பம் செருப்புக் கடைக்காரர்கள். அதனாலோ என்னவோ அவர்களுடைய ஆரம்பகாலக் கார்பரேட்டரில் தோலால் ஆன துருத்தி இருந்தது. பின்னால் அந்த இடத்தில் பிஸ்டன் வந்தது. யோசனை ரொம்ப அழகானது. சோலெக்ஸில் காற்று போகும் குறுகலான தொண்டை ஒரே அளவு. மெதுவாக ஓடும்போது காற்றின் வேகம் போதாது, பெட்ரோலைச் சரியாக உறிஞ்சாது. அதனால் ஐடிலுக்கு ஒரு ஜெட், ஓட்டத்துக்கு ஒரு ஜெட், திடீரென்று மிதித்தால் பீய்ச்ச ஒரு பம்ப் என்று ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது. எஸ்.யூ.வில் என்ஜின் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு பிஸ்டன் மேலே ஏறும், தொண்டை தானே விரியும். பிஸ்டனுக்கு அடியில் தொங்கும் கூம்பு ஊசியும் கூடவே ஏறி, ஜெட்டில் அதற்குத் தக்க வழி விடும். ஒரே ஒரு ஊசி, எல்லா வேகத்துக்கும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் ஒருதரம் அரியர் வைத்த எனக்கே புரிந்தது என்றால் பாருங்கள்.

அடையாறில் ஒரு பெரியவரிடம் ஒன்றேகால் அங்குல எஸ்.யூ. ஜோடி, மேனிஃபோல்டோடு இருந்தது. 22,000 ரூபாய். பத்து நாள் டைம் கேட்டேன்.

அந்தப் பத்து நாளில் மெக்கானிக் பாயிடம் போனேன். தாத்தா காலத்து ஆள். புதுப்பேட்டையில் எந்த சந்தில் எந்த சாமான் கிடைக்கும் என்று மனப்பாடமாகத் தெரியும். அவர் முதலில் சொன்னது மூன்றாவது ஒரு வழி: "மாருதி 800 கார்பரேட்டர் போட்டுடலாம் தம்பி. பிளேட் ஒண்ணு அடிச்சா உக்காந்துடும்." நிறையப் பேர் செய்கிறார்கள், ஓடவும் ஓடுகிறது. ஆனால் அது மூன்று சிலிண்டர், 796 சிசி என்ஜினுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அத்தனை ஜெட்டையும் நாமே மாற்றி மாற்றிப் பார்க்கணும். அதில் எனக்கு மனசே போகவில்லை.

எஸ்.யூ. ஆசையைச் சொன்னதும் பாய் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. ஒரு ரப்பர் டியூபை எடுத்து ஒரு நுனியை என் காதில் வைத்து, மறு நுனியைக் கடையில் நின்ற ஒரு ஸ்கூட்டரின் கார்பரேட்டர் வாயில் பிடித்தார். 'ஸ்ஸ்ஸ்' என்றது. "இந்த சத்தம் ரெண்டுலயும் ஒண்ணா வரணும். ஒண்ணு கூடிச்சுன்னா ரெண்டு சிலிண்டர் உழைக்கும், ரெண்டு சிலிண்டர் ஓசியில சாப்பிடும்." எங்கள் என்ஜினில் வெடிக்கும் வரிசை 1-3-4-2. முன் கார்பரேட்டர் 1, 2 சிலிண்டர்களுக்கு. பின்னது 3, 4க்கு. அப்படியானால் முன்னது அடுத்தடுத்து இரண்டு மூச்சு இழுத்துவிட்டு ஓய்வெடுக்கும், பிறகு பின்னது இரண்டு மூச்சு. ஒற்றைக் கார்பரேட்டருக்கு ஓய்வே இல்லை, எப்போதும் ஏதாவது ஒரு சிலிண்டர் அதன் வழியாக இழுத்துக்கொண்டே இருக்கும். 4,500 சுற்றில் இந்த என்ஜின் விழுங்கும் காற்று நொடிக்கு 28 லிட்டர் போல வருகிறது (சிலிண்டர் 80 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு). தாம்பரம் டிராஃபிக்கில் 4,500 சுற்று எங்கே, எப்போது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் இல்லை.

அப்புறம் பாய் வண்டியின் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்து காட்டினார். வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் முழுக்க எண்ணெய். பிரேக் ஹோஸ் விரலால் வளைத்ததும் வெடித்தது. மாஸ்டர் சிலிண்டரோடு சேர்த்து 11,500 ரூபாய் என்றார். என்னிடம் 22,000 போக மிச்சம் 8,000.

"பிரேக்கை அடுத்த மாசம் பார்த்துக்கலாமா பாய்?"

"ஓடறதுக்கு ரெண்டு கார்பரேட்டர் வெச்சிருக்கே. நிக்கறதுக்கு என்ன வெச்சிருக்கே தம்பி?"

அந்த வண்டியில் என் பக்கத்தில் யார் உட்காரப் போகிறார் என்று அப்போதுதான் உறைத்தது. இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

பிரேக்கை மட்டும் முடித்துவிட்டு, காசு சேர்த்து அடுத்த வருஷம் எஸ்.யூ. வாங்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். அடுத்த வருஷம் நான் வேலைக்கு எங்கே போவேனோ தெரியாது. வண்டியை ஓட்டப் போவது அப்பா. அவர் என்ஜின் ஆயில் எங்கே ஊற்றுவது என்பதையே என்னிடம் கேட்பவர். இரண்டு பிஸ்டன், இரண்டு ஊசி, இரண்டு மிதவை, இரண்டு ஸ்பிண்டில். அத்தனையும் ஒரே சுதியில் இருக்கணும். டியூபைக் காதில் வைத்துக் கேட்கப் பாய்க்கு அறுபத்தெட்டு வயசாகிறது. எஸ்.யூ. நல்ல கார்பரேட்டர் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. எங்கள் வீட்டுக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. அடையாறுக்கு போன் போட்டு வேண்டாம் என்று சொன்னேன். குரல் கொஞ்சம் கம்மியது, பெரியவர் கவனித்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

சோலெக்ஸைப் பிரித்தோம். ஸ்பிண்டிலுக்குப் புது புஷ், வளைந்த ஃப்ளாஞ்சைக் கண்ணாடிமேல் எமரி வைத்துத் தேய்த்து மட்டம் பார்த்தது, கேஸ்கட் கிட், எல்லாம் சேர்த்து 4,800 ரூபாய். மாட்டினதும் பிடித்துவிட்டது. ஆனால் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றினால் வெள்ளை வெளேர் என்று இருந்தது. பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். சூடு ஏறி வால்வு போய்விடும்.

காரணம் பங்கில். இந்தியாவில் 2025இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. வெறும் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதக் கலவைக்குக் கிட்டத்தட்ட 13.5. அதே காற்றுக்கு ஒன்பது சதவீதம் போல அதிக எரிபொருள் வேண்டும். தாத்தா காலத்து ஜெட்டுக்கு இது எப்படித் தெரியும்? எங்கள் வண்டியில் இருந்தது 110, அதாவது 1.10 மில்லிமீட்டர் துளை. 115 போட்டால் விட்டம் நாலரை சதவீதம்தான் கூடும், பரப்பு ஒன்பது சதவீதம் கூடும். பாயின் பிஸ்கட் டப்பாவில் நூறு ஜெட்டுக்கு நடுவில் ஒரே ஒரு 115 இருந்தது. மூன்று வருஷப் படிப்பில் கணக்கும் கையும் ஒத்துப்போன முதல் நாள் அது. பிளக் இப்போது இளம் பழுப்பு. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும் என்பதால் பெட்ரோல் ஹோஸையும் மாற்றினோம். 900 ரூபாய்.

போன ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். பாட்டி முன்சீட்டில் ஏறினதும் கேட்காமலே சோக் குமிழைப் பிடித்து இழுத்தாள். தாத்தா காலத்தில் அந்தக் குமிழ் இழுத்த இடத்தில் நிற்காதாம். என்ஜின் சூடாகும்வரை, தெருமுனை வரைக்கும் அதைப் பாதி இழுத்துப் பிடித்திருப்பது பாட்டியின் வேலையாம். எனக்கு இது தெரியவே தெரியாது.

"இப்ப புது கேபிள் பாட்டி, தானா நிக்கும். விட்டுடு."

விடவில்லை. தெருமுனை திரும்பினதும் உள்ளே தள்ளிவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

மணிக்கு ஐம்பதைத் தாண்டவில்லை. செங்கல்பட்டுக்கு முன்னால் ஒரு மாடு குறுக்கே வந்தது, வண்டி நின்றது. கோயிலில் பொங்கல் வைத்து, மதியம் வீடு வந்து சேர்ந்தோம். சீட்டுப் பணத்தில் மிச்சம் 12,800 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். "பெட்ரோல் போடு" என்று ஆயிரம் ரூபாயை என்னிடமே தந்துவிட்டு மீதியை டப்பாவில் வைத்துப் பூட்டினாள்.

இரண்டாவது கியரில் மிதிக்கும்போது மட்டும் வண்டி இன்னும் லேசாக விக்குகிறது. பைலட் ஜெட்டாக இருக்கலாம், பம்ப் டயாஃப்ரமாகவும் இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்க்கணும்.