பிள்ளைப்பூச்சி

பிள்ளைப்பூச்சியை உயிரோடு வாழைப்பழத்துக்குள் வைத்து விழுங்கினால் மலடிக்கும் மகவு பிறக்கும் என்று சொல்லுவோர் நம்மவருள் பலர் இருந்தனர். அந்தப் பேதைமைக்காகப் பூச்சி பிடித்துக் கொடுத்தவன் நான் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறேன்.

அது 1972ஆம் ஆண்டு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், நூறு குவார்ட்டர்ஸ் என்று வழங்கிய ரயில்வே வீட்டு வரிசையில் என் அக்காள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற பகுதியல்லவா? மழை பெய்து களிமண் இளகிய இரவுகளில், விளக்கடியில் பிள்ளைப்பூச்சிகள் பறந்து வந்து விழும். மணமாகி ஆறாண்டு கடந்தும் அக்காளுக்குக் குழந்தை இல்லை. மாமியாரின் ஆணைப்படி ஒன்றைப் பிடித்துக் கைக்குள் மூடினேன். விரல் நீளங்கூட இல்லாத அவ்வுயிர், முன்னங்கால்களால் என் விரல்களை விலக்கிக்கொண்டு வெளிவர முயன்ற வலிமை இன்றும் நினைவிருக்கிறது. அக்காள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள், இரவெல்லாம் வாந்தியெடுத்தாள்.

பின்னாளில் நூல்களைப் புரட்டினேன். மண்வெட்டி போன்ற அந்த முன்னங்கால்களிலேயே அதற்குச் செவியும் அமைந்திருக்கிறது! ஆண்பூச்சி சிறகுகளை உரசிப் பாடும். பிரான்சு நாட்டு இனமொன்று தன் வளையின் வாயை ஊதுகுழல் போல் குடைந்துகொண்டு, 600 மீட்டர் தொலைவுக்கும் கேட்கப் பாடுவதை 1970இல் வெளிவந்த ஆராய்ச்சி விளக்கிற்று. ஐரோப்பிய இனத்தில் தாய்ப்பூச்சி நிலத்தடி அறையில் முட்டையிட்டு, பூஞ்சணம் பற்றாதபடி அவற்றை நக்கித் துப்புரவு செய்து காவலிருக்கிறது. ஆசியப் பூச்சியையோ ஆப்பிரிக்க இனமென்றே புலவர்கள் நெடுங்காலம் எழுதிவந்தனர்; 1983இல்தான் அப்பிழை தெளிவாயிற்று. (கற்றவர் நிலையே இதுவானால், மாமியாரை மட்டும் நொந்து என்ன பயன்?) பயிர்வேர்களைக் கடிப்பதால் உழவர் அதைப் பகையென்பர். பிள்ளை தரும் மருந்து மட்டும் அதன் உடம்பில் எங்குமில்லை.

"அவரும் வைத்தியரிடம் வரட்டுமே" என்று அக்காள் ஒருநாள் சொல்லிவிட்டாள்.

"பிள்ளைப்பூச்சிக்கும் கொடுக்கு முளைத்துவிட்டதோ?" என்றார் மாமியார்.

அத்தான் கடைசிவரை வைத்தியரிடம் போகவேயில்லை. மலடன் என்ற சொல்லும் நம் அகராதியில் உண்டு. அதை அவ்வீட்டில் எவரும் உச்சரித்ததில்லை.

இன்று அவ்வீட்டு வரிசை இல்லை, அத்தானும் இல்லை. அக்காள் கிள்ளானில் தனியே வாழ்கிறாள். சென்ற மாதம் ஒரு மழையிரவில், அவள் வாசல் விளக்கடியில் பிள்ளைப்பூச்சி ஒன்று வந்து விழுந்தது. நான் குனிந்தேன்.

"விட்டுவிடு தம்பி, அது மண்ணுக்குள் போகட்டும்" என்றாள்.