பிரிட்ஜ் பெட்டிக்குப் பின்னால்

எங்களுடைய முதல் ஸ்பீட்போல் மைதானம் பத்து கார்ட்போர்ட் பெட்டிகளாலும் ஒரு பரலாலும் ஆனது. அக்குறணை பிரதான வீதியில் கடை வைத்திருக்கும் வாப்பாமாரிடமும் மாமாமாரிடமும் கேட்டு வாங்கிய பெட்டிகள். பிரிட்ஜ் வந்த பெட்டி இரண்டு, வொஷிங் மெஷின் பெட்டி நான்கு, டிவி பெட்டி நான்கு. நடுவில் ஒரு நீல பிளாஸ்டிக் பரல். பெரும்போக அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த ஒரு வயலில், காற்றுக்கு விழாமல் உள்ளே கல் போட்டு, இந்தப் பக்கம் ஐந்து அந்தப் பக்கம் ஐந்து என்று வைத்தோம்.

பெயின்ட்போல் விளையாடத் தேவையான சாமான்களில் எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. மார்க்கர் இல்லை, மாஸ்க் இல்லை, பெயின்ட் உருண்டை இல்லை. இதில் மார்க்கர் இல்லாமல் போனது காசு இல்லாததால் மட்டும் அல்ல. பார்த்தால் துவக்கு என்று யாருக்கும் தோன்றக்கூடிய ஒரு சாமானையும் ஊருக்குள் கொண்டுவருவதில்லை என்று நாங்களே ஒரு விதி போட்டுக்கொண்டோம். அந்த விதிக்குக் காரணம் உம்மா. அதற்கு முன்னால் நாங்கள் தோற்ற கதையைச் சொல்ல வேண்டும்.

கெம்பஸ் விடுமுறையில் ஒரு ட்ரிப் போனோம். போன இடத்தில் பெயின்ட்போல் இருந்தது. காட்டுக்குள் ஒளிந்து விளையாடும் கிரவுண்ட் ஒன்று, அதற்குப் பக்கத்தில் வலை அடித்த தட்டையான கிரவுண்ட் ஒன்று. தட்டையானதில் டயர்களும் பலகைகளும் பரல்களும் நிறுத்தியிருந்தார்கள். அதுதான் ஸ்பீட்போல் என்றார்கள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஐந்து பேர், எதிரே ஐந்து பேர். ஹோர்ன் அடித்தது. நாங்கள் ஐந்து பேரும் ஒரே டயருக்குப் பின்னால் ஓடினோம். ஒரு நிமிஷம் ஆவதற்குள் ஐந்து பேரும் வெளியே.

அடி பட்டால் வலிக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வலிக்கும். உருண்டை 0.68 அங்குல விட்டம், அதாவது 17 மில்லிமீட்டர் சொச்சம். மைதானங்களில் வழக்கமான உச்ச வேகம் செக்கனுக்கு 300 அடி. மணிக்குப் பார்த்தால் 330 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தொடையில் பட்டால் இரண்டு மூன்று நாளைக்கு நீலமாக ஒரு வட்டம் இருக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகும். அதனால்தான் மைதானத்துக்குள் எந்தக் காரணத்துக்காகவும் மாஸ்க்கைக் கழற்றக்கூடாது. மூச்சு முட்டினாலும், கண்ணாடி புகார் படிந்து ஒன்றும் தெரியாமல் போனாலும், கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான். வெளியே வரும்போது மார்க்கரின் குழாய் வாய்க்கு உறை போட வேண்டும். இவை இரண்டையும் சீரியஸாகச் சொல்லாத இடத்தில் விளையாடாதீர்கள்.

உருண்டையின் தோல் ஜெலட்டின் என்று அங்கே சொன்னபோது எங்களில் ஒருவன் மாஸ்க் போட்டபடியே நின்றுவிட்டான். "என்ன ஜெலட்டின்?" உலகத்தில் ஜெலட்டின் பன்றியிலிருந்தும் வருகிறது, மாட்டிலிருந்தும் வருகிறது. கிரவுண்ட்காரருக்கு அந்த விபரம் தெரியவில்லை. மாஸ்க்கின் காற்று ஓட்டைகளால் உடைந்த பெயின்ட் தெறித்து உதட்டில் படுவதும் உண்டு. "வாய மூடிக்கிட்டு விளாடுவோம், வீட்ட பெய்த்து உடுப்ப கழுவிட்டுத் தொழுவோம்" என்று ஒரு முடிவுக்கு வந்தோம். வாயை மூடிக்கொண்டு விளையாட முடியாத விளையாட்டு இது என்று பிறகுதான் விளங்கியது. அதையும் சொல்கிறோம்.

வீட்டுக்கு வந்து யூடியூபில் விழுந்தோம். பெயின்ட்போலின் கதை 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு காட்டுக்குள் தொடங்குகிறது. பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஆள் எதிரி. கையில் இருந்தது மரங்களுக்கும் மாடுகளுக்கும் அடையாளம் போடுவதற்காகச் செய்த நெல்ஸ்பொட் என்ற பெயின்ட் அடிக்கும் சாமான். காட்டுக்குள் வைத்திருந்த கொடிகளைச் சேர்த்துக்கொண்டு முதலில் வெளியே வருபவர் வெற்றியாளர். வென்றவர் ரிச்சி வைட். அவருடைய தொழில் காட்டு மரங்களைப் பராமரிப்பது. அன்று முழுக்க அவர் ஒரு தடவைகூடச் சுடவில்லை.

இந்த ஒரு விஷயம் எங்களைப் பிடித்துக்கொண்டது. சுடாமலே ஜெயிக்கலாம் என்றால், சுடாமலே பழகவும் முடியும் அல்லவா?

ஸ்பீட்போல் அந்தக் காட்டு விளையாட்டின் பிள்ளை. மைதானம் சின்னது. இன்றைய பெரிய போட்டிகளில் ஏறக்குறைய 45 மீட்டர் நீளம், 36 மீட்டர் அகலம். காற்று ஊதிய மறைப்புகள் இரு பக்கமும் ஒரே மாதிரி, கண்ணாடியில் பார்ப்பதுபோல நிற்கும். யாருக்கும் மேட்டு நிலம் கிடையாது, யாருக்கும் அடர்ந்த புதர் கிடையாது. பார்க்க வருபவர்களுக்கும் எல்லாம் தெரியும். உடுப்பும் வேறு. காட்டு விளையாட்டில் இலை நிறத்துப் புள்ளி உடுப்பு. இதில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கால்பந்து ஜேர்சி மாதிரி. எங்கள் நாட்டில் ஆமி உடுப்பு மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்க ஏலாது. அதிலும் எங்கள் ஊர்ப் பெயரும் எங்கள் பெயர்களும் உள்ள அடையாள அட்டையோடு நடக்கவே ஏலாது.

ட்ரிப்பில் எடுத்த போட்டோ ஒன்று. ஐந்து பேரும் மாஸ்க் போட்டு, மார்க்கரை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்து நிற்கிறோம். எங்களுக்கு அது சும்மா ஒரு ஸ்டைல். எங்களில் ஒருவன் வீட்டில் காட்டினான். அவன்ட உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"என்ன மகன் இது? துவக்கு மாதிரி ஈக்குதே. மொகமும் தெரியல்ல. அழிச்சிப் போடுங்க. யாருக்கும் அனுப்பினயா?"

குரூப்பில் போட்டிருந்தோம். அன்று இரவே எல்லோரும் அழித்தோம். பயந்தாங்கொள்ளிகள் என்று நீங்கள் சிரிக்கலாம். 2018 மார்ச்சில் திகனையில் தொடங்கிய கலவரம் அக்குறணைக்கு வந்தபோது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கடை எரிந்த வாசனை நினைவிருக்கிறது. ஊரடங்கு, அவசரகாலச் சட்டம், வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் நின்றுபோன நாட்கள், ஒழுங்கை முனைகளில் விடிய விடிய முழித்திருந்த நானாமார். அடுத்த வருஷம் ஏப்ரல் 21. அதற்குப் பிறகு வீடு வீடாகச் சோதனை. குசினிக் கத்தியைக்கூட எங்கே வைப்பது என்று உம்மாமார் யோசித்த காலம். ஒரு போட்டோ எங்கே போய், என்ன தலைப்போடு திரும்பி வரும் என்று எங்கள் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களிடம் "இது வெறும் விளையாட்டு" என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அதனால்தான் அந்த விதி. மார்க்கர் வேண்டாம், மாஸ்க் போட்டோ வேண்டாம். ஆனால் விளையாட்டை விடவும் மனமில்லை.

மார்க்கருக்குப் பதிலாக டெனிஸ் பந்து. சொஃப்ட்போல் கிரிக்கெட் விளையாடும் அதே பந்து. வாய்க்கால் சேற்றில் முக்கி எறிவோம். உடம்பில் சேறு பட்டால் அவுட். உண்மையான விளையாட்டில் உருண்டை உடைந்து பெயின்ட் ஒட்டினால்தான் அவுட். உடையாமல் பட்டுத் தெறித்தால் கணக்கில்லை. ஒட்டியதைக் கள்ளமாகத் துடைப்பது இந்த விளையாட்டில் ஆகக் கேவலமான காரியம். எங்கள் வயலிலும் முதல் சண்டை அதற்குத்தான் வந்தது. கடைக்காரன்ட மகன் முதுகுச் சேற்றைப் பெட்டியில் தேய்த்துவிட்டு "பழைய சேறு" என்றான்!

கெம்பஸில் எங்களோடு படிக்கும் வவுனியா நண்பன் ஒருவன் சனி ஞாயிறுகளில் எங்கள் வீடுகளில் தங்குவான். அவனும் வயலுக்கு வந்தான். யூடியூபில் கேட்டபடி நாங்கள் பெட்டிகளை 'பங்கர்' என்று கத்திக்கொண்டிருந்தோம். ஸ்பீட்போலில் மறைப்புக்கு உலகம் முழுக்க அதுதான் பெயர். இரண்டு மூன்று ஆட்டத்துக்குப் பிறகு அவன் சொன்னான்:

"மச்சான், அந்தச் சொல்ல மட்டும் மாத்துவமே? சின்னனில அம்மா எங்கள இழுத்துக்கொண்டு ஓடினது பங்கருக்குள்ளதான்."

அவ்வளவுதான் சொன்னான். நாங்களும் மேலே ஒன்றும் கேட்கவில்லை. உண்மையில் எங்கள் முன்னால் நின்றது பெட்டிதானே. அன்றிலிருந்து பெட்டி. பிரிட்ஜ், வொஷிங், டிவி. "வலது டிவில ஒருத்தன்!" "பிரிட்ஜ் காலி!" வெளியாள் கேட்டால் கடை ஏலம் என்று நினைப்பார்.

மார்ச் முழுக்க ஞாயிறு பின்னேரங்களில் அப்படிப் பழகினோம். புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு உதவும் என்பதால், விளங்கியவற்றை எழுதுகிறோம்.

ஹோர்ன் அடித்த முதல் ஐந்து செக்கனிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும். யார் எந்தப் பெட்டிக்கு ஓடுவது என்பதை முதலே பேசியிருக்க வேண்டும். முன்னால் ஓடுபவன் வேகமாகவும் சின்னதாகவும் இருக்க வேண்டும். பின்னால் நிற்பவனுடைய வேலை எதிராளியைக் குறி பார்ப்பது அல்ல. எதிராளி ஓடப்போகும் பாதையில், அவன் வருவதற்கு முன்பே, விடாமல் அடித்துக்கொண்டிருப்பது. அவன் தானாக வந்து அதில் மாட்டுவான். டெனிஸ் பந்தால் இதைச் செய்ய மூன்று பேர் பந்து பொறுக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

ஒரே இடத்தால் இரண்டு தடவை எட்டிப் பார்க்காதீர்கள். இரண்டாவது தடவை பந்து உங்களுக்காகக் காத்திருக்கும். பெட்டியின் இடது பக்கத்தால் அடிக்கும்போது இடது கைக்கு மாற வேண்டும். வலது கையாலேயே அடித்தால் பாதி உடம்பு வெளியே நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே, கத்த வேண்டும். நீங்கள் பார்ப்பது உங்கள் ஆளுக்குத் தெரியாது. பெட்டிக்குப் பின்னால் இருப்பவனுடைய கண், பத்து அடி தள்ளி நிற்பவனுடைய வாய்தான். நாங்கள் முதல் நாள் ஒரு நிமிஷத்துக்குள் தோற்றதற்குக் காரணம் குறி தவறியது அல்ல, ஐந்து பேரும் ஊமையாக ஓடியது. பொருளியல் விரிவுரையில் ஒரு கேள்விகூடக் கேட்காத எங்களில் ஒருவன், வயலில் தொண்டை கிழியக் கத்தக் கற்றுக்கொண்டான். எல்லோரையும் விட நன்றாகக் கத்தியது வவுனியாக்காரன். யார் எங்கே, எத்தனை பேர் மிச்சம், எப்போது ஓடலாம் என்று அவன் சொன்னால் சரியாக இருக்கும்.

ஏப்ரலில் காசு சேர்த்துக்கொண்டு அதே கிரவுண்டுக்குப் போனோம். அவனையும் கூட்டிப் போனோம். "வேணாமெண்டா விளாடாத" என்றோம். "பாப்பம்" என்றான். மாஸ்க் போட்டான், தொடக்கப் பலகையில் எங்களோடு கை வைத்து நின்றான். ஹோர்ன் அடித்தது. பத்து மார்க்கர் ஒரேயடியாக வெடித்த சத்தத்தில் நாங்கள் ஓடினோம். அவன் ஓடவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு மெதுவாக வெளியே நடந்தான். நாங்கள் நான்கு பேராக மூன்று நிமிஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்தோம். எதிர்ப் பக்கம் மூன்று பேரை அவுட் ஆக்கினோம். தோற்றோம். மிச்ச ஆட்டங்களில் அவன் வலைக்கு வெளியே நின்று தண்ணீர்ப் போத்தல் பிடித்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவனே சொன்னான்: "தனிய ஒரு சத்தம் ஒண்டும் செய்யாது மச்சான். ஒரேயடியா வந்தாத்தான்." பிறகு, "வயலில இந்தக் கரச்சல் இல்ல" என்று சிரித்தான்.

ஒரே விளையாட்டுக்குள் எல்லோரும் ஒரே பாதையால் வருவதில்லை என்பதை அந்த பஸ்ஸில்தான் நாங்கள் ஒழுங்காக விளங்கிக்கொண்டோம். யூடியூபில் பார்க்கும் பிள்ளைகளுக்கு மார்க்கர் ஒரு விளையாட்டுச் சாமான், பங்கர் ஒரு காற்று ஊதிய பை. எங்களுக்கு அவை இரண்டையும் தூக்குவதற்கு முன்னால் வேறு சிலதை இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது. இறக்கி வைக்க ஏலாதவனைப் பகிடி பண்ணாமல், அவனுக்கும் இடமிருக்கிற மாதிரி ஒரு ஆட்டத்தைச் செய்துகொண்டால் போதும். எங்களுக்கு அது டெனிஸ் பந்தும் சேறும். நாங்களும் விளையாடத்தான் ஆசைப்படுகிறோம், வேறொன்றுக்கும் இல்லை.

வயல் போட்டோ ஒன்றும் இருக்கிறது. ஆறு பேர், முகமெல்லாம் சேறு, ஒருவன் பிரிட்ஜ் பெட்டிக்குள் தலையை விட்டபடி. அன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்த அதே உம்மா, எங்களிடம் கேட்காமலே அதைக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார். "உடுப்பு தோய்க்கிறது யாரு?" என்று கீழே எழுதி.

சிறுபோகத்துக்கு வயலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். பெட்டிகளும் மழையில் ஊறிப்போய்விட்டன. அக்குறணைப் பக்கம் தட்டையாக ஒரு துண்டு நிலம், ஞாயிறு பின்னேரம் மட்டும் தரக்கூடியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பெட்டிக்குக் குறைவில்லை.