ஒரே பெட்டியில் வெயிலும் குளிரும்: கேளம்பாக்கத்திலிருந்து இலங்கைக்கு

கேளம்பாக்கத்தில் ஸ்வெட்டருக்குப் பெரிய வேலை கிடையாது. எப்போதோ ஊட்டி போனபோது வாங்கியது, பீரோ மேல்தட்டில் அந்துருண்டை வாசனையோடு கிடக்கும். ஓ.எம்.ஆர். ஓரத்து அடுக்குமாடியானாலும் சரி, உப்பளக் காற்று வீசும் பழைய தெருவானாலும் சரி, மார்கழிக் குளிருக்கு மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் போதும்.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு குடும்பம் கோடை விடுமுறைக்கு இலங்கை கிளம்பினால், முதல் வாக்குவாதம் பெட்டி கட்டும்போதுதான் வரும். "பக்கத்து நாடுதானே, நம்ம ஊர் வெயில்தானே இருக்கும்?" என்பார் ஒருவர். பாதி சரி. மீதிப் பாதியில்தான் பாட்டிக்குச் சளி பிடிக்கும்.

பரப்பளவில் இலங்கை தமிழ்நாட்டில் பாதிதான். ஆனால், காலையில் கொழும்பில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினால், ஐந்தாறு மணி நேரத்தில் நுவரெலியாவில் பல் கிட்டிக்கும். அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும் என்று கணக்கு. ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் அங்கே புல்வெளியில் உறைபனி படிவதும் உண்டு. அதனால் "இலங்கைக்கு என்ன எடுத்துப் போவது?" என்று கேட்பதைவிட, எந்த நாளில் எந்த உயரத்தில் தூங்கப் போகிறோம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. பெட்டியில் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

குளிரைவிட ஏமாற்றுவது மழை. கேளம்பாக்கத்துக்காரர்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் இதே கணக்குதான். வடகிழக்குப் பருவமழைதான் அங்கேயும் பெரிய மழை. ஆனால் கொழும்பு, காலி, மேற்கு மலைச்சரிவுகளில் மே மாதக் கடைசியிலேயே தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். இங்கே கத்திரி வெயிலில் குடையை யார் நினைப்பார்கள்? அங்கே அதே வாரத்தில் செருப்பு நனைந்து காயாமல் கிடக்கும். சிங்கராஜ மழைக்காட்டுக்குப் போகிறவர்களுக்கு நீளமான காலுறையும் தேவை, அட்டை ஏறும். அட்டைக்கு எதிரி உப்பு. அதில் மட்டும் கேளம்பாக்கத்துக்காரர்களுக்குக் குறையில்லை.

இந்தக் குளிரும் மழையும் தெரியாமலே அங்கே போனவர்கள் உண்டு. 19-ம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சம் பிழைக்கப் படகேறியவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவும் காய்ச்சலும் வழியிலேயே ஏராளமானோரைக் கொண்டுபோயின. பிழைத்து மலையேறியவர்களுக்குத் தோட்டத்தில் கம்பளி கிடைத்தது. அதன் விலையும் கடனாகக் கணக்கில் ஏறியது. அதே கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு மழையில் வேலை பார்த்தார்கள். இன்று ஏசி காரில் அந்த மலைப்பாதையில் போகும்போது, ஜன்னலுக்கு வெளியே கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் வழி வந்தவர்கள்தான்.

சரி, பெட்டிக்கு வருவோம். தடித்த ஜாக்கெட் ஒன்றைத் திணிப்பதைவிட மெல்லிய முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஒரு ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஒரு மெல்லிய கோட்டு என்று அடுக்கடுக்காக எடுத்துப் போவது புத்திசாலித்தனம். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொன்றாகக் கழற்றலாம், நுவரெலியாவில் ஒவ்வொன்றாகப் போடலாம். பாட்டிக்குச் சால்வையும் காலுறையும் கட்டாயம். அவருடைய சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் சீட்டோடு கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் சேலை வாங்கிக்கொள்ளலாம், மாத்திரைக்கு அலைய முடியாது. பவர் பேங்க்கும் கைப்பையில்தான். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சிறிய ஏ.டி.ஆர். விமானம் என்பதால், எத்தனை கிலோ அனுமதி என்பதை டிக்கெட்டில் பார்த்துவிட்டு முறுக்கு டப்பாவை எண்ணலாம்.

நல்லூர் கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் மேல்சட்டை இல்லாமல்தான் போக வேண்டும், வேட்டி வசதி. கண்டி தலதா மாளிகையில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புத்தர் படம் போட்ட டி-ஷர்ட்டை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. அங்கே அது விளையாட்டில்லை.

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகும் நாளைக்கு மட்டும் முந்தைய இரவே தயாராக வேண்டும். உலக முடிவு என்று பெயர் பெற்ற, 800 மீட்டருக்கும் மேல் செங்குத்தாக இறங்கும் பாறை விளிம்பை வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும். பிறகு மேகம் மூடிவிடும். நுவரெலியாவிலிருந்து விடியுமுன்பே கிளம்புவதால் ஸ்வெட்டர் பெட்டியின் மேலேயே இருக்கட்டும். நுழைவாயிலில் பையைத் திறந்து பார்த்து, பிளாஸ்டிக் உறைகளைப் பிரித்தெடுத்துவிடுவார்கள். தண்ணீர் பாட்டிலின் லேபிளைக்கூட விடமாட்டார்கள். எவர்சில்வர் டப்பாவில் போன முறுக்கு மட்டும் தப்பித்துவிடும்.