மீன் இல்லாத மீன்தொட்டி

எங்கள் இல்லத்து முன்னறையில், திரு இருதய ஆண்டவர் படத்திற்கு இடப்புறம், இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. வீட்டிற்கு வருகிறவர்கள் படத்தை வணங்கிய கையோடு அதன்முன் நின்றுவிடுகிறார்கள். உள்ளே ஒரு சிறு காடு. கிளை விரித்த வேர், அதைத் தழுவிய பாசி, பின்னால் நாடாபோல் நீண்டு அசையும் இலைகள், அவற்றினூடே வரியிட்ட சின்னஞ்சிறு மீன்கள். "இதற்கு எவ்வளவு செலவாயிற்று?" என்று கேட்பார்கள். தொகையைச் சொல்லிவிடுவோம். அதற்கு முன்பு நடந்ததைச் சொல்வதில்லை. அதை இங்கே எழுதத் துணிந்தோம்.

எங்கள் இளைய மகளுக்கு அப்போது ஒன்பது வயது. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, மீன்தொட்டி என்றாள். விழாவிற்கு முந்தின நாள் மாலையில் தொட்டி, பல நிறக் கூழாங்கற்கள், பிளாஸ்டிக் செடிகள், நான்கு தங்கமீன்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்கி வந்தோம். குழாய்த் தண்ணீரை நிரப்பி, ஒரு மணி நேரத்தில் மீன்களை விட்டோம். நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்படுமுன் தொட்டியில் விளக்கெரிய வேண்டும் என்ற அவசரம் எங்களுடையது, அவளுடையது அன்று. அவள் ஆச்சியிடம் கேட்டு மீன்களுக்குப் பெயர் வைத்தாள். ஆச்சி பழைய வழக்கப்படி இராயப்பர், பெலவேந்திரர், யாகப்பர், அருளப்பர் என்று சொல்லிக்கொடுத்தார்கள். வலை வீசியவர்களின் பெயரை மீன்களுக்கு வைக்கலாமா என்று வீட்டில் ஒரே சிரிப்பு. இராயப்பருக்கு வாலோரத்தில் மிளகளவு கறுப்புப் புள்ளி ஒன்று உண்டு.

மூன்றாம் நாள் இரவு, பிள்ளைகள் உறங்கியபின், இராயப்பர் ஒருக்களித்து மிதப்பதைக் கண்டோம். விழா நாட்களில் குழந்தை அழவேண்டாமே என்று நினைத்தோம். கடை அடைக்கும் நேரத்தில் ஓடிப்போய், அதே நிறத்தில் அதே அளவில் இன்னொரு மீனை வாங்கிவந்து விட்டோம். இறந்ததை முருங்கை மரத்தடியில் புதைத்தோம்.

காலையில் அவள் தொட்டியின் முன் வெகுநேரம் நின்றாள். "அப்பா, இது இராயப்பர் இல்லை" என்றாள்.

"அதேதான், கண்ணு."

"அப்படியென்றால் புள்ளி எங்கே?"

"உதிர்ந்திருக்கும்" என்றோம்.

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்த இரண்டு நாட்களில் மற்ற மூன்று மீன்களும், புதிதாக வந்ததும் இறந்தன. அப்போதும் அவள் அழவில்லை. அன்றிரவு செபமாலை முடிந்ததும், "மீன் விஷயத்தில் பொய் சொன்னாலும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா, அம்மா?" என்று மட்டும் கேட்டாள். எங்கள் இருவருக்கும் பதில் வரவில்லை. தொட்டி பரணுக்குப் போயிற்று.

மீன்கள் ஏன் இறந்தன என்பதையேனும் நேர்மையாகத் தெரிந்துகொள்வோம் என்று பிறகு படிக்கத் தொடங்கினோம். மீன் தன் செவுள் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியிடுகிறது. தின்னாமல் விட்ட இரை அழுகுவதாலும் அதே நஞ்சு உண்டாகிறது. குளத்திலும் ஆற்றிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சே. அது இரத்தத்தில் கலந்து, உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்துவிடும். இறுதியாக உண்டாகும் நைட்ரேட்டு அளவோடு இருந்தால் பெருந்தீங்கு செய்யாது. செடிகளுக்கு அது உரம். இந்த மாற்றத்தை நுண்ணுயிர்களே செய்கின்றன என்பதை 1890-ஆம் ஆண்டளவில் மெய்ப்பித்துக் காட்டியவர் ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி. புதுத் தொட்டியில் இவை குடியேறிப் பெருக நான்கு முதல் எட்டு வாரங்கள் வரை ஆகும். நாங்கள் கொடுத்தது ஒரு மணி நேரம். போதாக்குறைக்கு, முதல் மீன் இறந்ததும் 'சுத்தம் செய்கிறோம்' என்று கூழாங்கற்களையெல்லாம் வெந்நீரில் கழுவி, அதற்குள் தப்பித்தவறி முளைத்திருந்த கொஞ்ச நஞ்ச நுண்ணுயிர்களையும் அழித்திருந்தோம். தண்ணீர் பளிங்குபோல் தெளிந்திருந்ததால் அது நல்ல தண்ணீர் என்று நம்பினோம்.

இதைப் படித்தபோது இலண்டன் மாநகரின் வேதியியலார் ராபர்ட் வாரிங்டன் செய்த சோதனையை அறிந்தோம். பன்னிரண்டு காலன் கொள்ளும் கண்ணாடிக் கலத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்து, மீனும் செடியும் ஒன்றையொன்று வாழவைக்குமா என்று அவர் பார்த்தார். சில நாட்களில் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கிற்று. மற்றவராயிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பார். அவர் குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது, நத்தைக் குஞ்சுகள் மீன்களுக்கு இரையாயின. 1850-ஆம் ஆண்டு இதை அவர் வேதியியல் கழகத்தாருக்கு அறிவித்தார். இன்று வீடுகளில் நாம் வைக்கும் செடித்தொட்டிகள் அந்தக் கலத்தின் பேரப்பிள்ளைகள் என்றே சொல்லலாம்.

சாம்பல் புதனன்று மாலை, நெற்றியில் சாம்பலோடு வீடு திரும்பியபின் மகளை அருகில் உட்காரவைத்து, "இராயப்பர் இறந்துபோனதை மறைத்துவிட்டோம், எங்களை மன்னித்துவிடு" என்றோம்.

"எனக்குத் தெரியும்" என்றாள். சற்றுப் பொறுத்து, "எங்கே புதைத்தீர்கள்?" என்று கேட்டாள். முருங்கை மரத்தடிக்கு அழைத்துப்போய்க் காட்டினோம்.

அன்றே தொட்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். தண்ணீர் தகுதியடையும்வரை ஒரு மீன்கூட விடுவதில்லை என்றும், தகுதியடைந்ததா என்பதைச் சோதனைத் துளிகளைக் கொண்டு அவளே பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்றும் ஓர் உடன்பாடு. பாஸ்காவிற்குள் ஆகிவிடும் என்று நாங்கள் வாக்களித்தோம். கணக்கிட்டுப் பார்த்தால் நாற்பத்தாறு நாட்கள். வெள்ளிக்கிழமைதோறும் மீன்குழம்பு வைக்கும் வீட்டில் மீனுக்காக இத்தனை பாடா என்று ஆச்சி கேட்டார்கள். அதற்கும் எங்களிடம் தக்க பதில் இல்லை.

தண்ணீரும் மண்ணும் கல்லுமாக எழுபது கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால் முதலில் உறுதியான மேசை ஒன்று செய்தோம். சன்னல் வெயில் படாத இடத்தில் வைத்தோம். வெயில் பட்டால் கண்ணாடியெங்கும் பச்சைப்பாசி படரும். அமெரிக்கரான டயானா வால்ஸ்டட் 1999-இல் வெளியிட்ட நூலில் காட்டிய முறையைப் பின்பற்றி, சலித்த தோட்டத்து மண்ணை ஓரங்குலம் பரப்பி, அலசிய மணலால் அதை மூடினோம். முன்புறம் தாழ்வாகவும் பின்புறம் உயர்வாகவும் சரித்துவிட்டால், ஓரடி அகலத் தொட்டி மூன்றடிபோல் ஆழங்காட்டும். தாமிரபரணிக் கரையில் கிடந்த மருத வேர் ஒன்றை எடுத்துவந்து, மூன்று வாரம் ஊறவைத்தோம். ஊறாத கட்டை மிதக்கும். தண்ணீரைத் தேயிலைச் சாறுபோல் ஆக்கும். கல்லைத் தேர்ந்தெடுக்க ஓர் எளிய வழி உண்டு. அதன்மேல் சில துளி வினிகர் விட்டுப் பார்க்க வேண்டும். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், தண்ணீரைக் கடினமாக்கும். நாங்கள் பொறுக்கியவற்றில் மிக அழகாயிருந்த கல்தான் நுரைத்தது.

கல்லையும் வேரையும் எங்கே வைப்பது என்பதில் இரண்டு மாலைகள் கழிந்தன. நடுவில் வைத்தால் கோவில் முகப்புபோல் இரண்டு பக்கமும் ஒத்துப்போய் உயிரற்றுத் தோன்றுகிறது. மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைத்தால் கண் அங்கே தங்கி, பின் மெல்ல மறுபுறம் நடக்கிறது. இக்கலையை உலகறியச் செய்தவர் ஜப்பானின் நீகாத்தாவில் 1954-இல் பிறந்த தகாஷி அமானோ. மிதிவண்டிப் பந்தய வீரராயிருந்து, நிழற்படக் கலைஞராகி, காட்டையும் மலையையும் கண்ணாடிக்குள் அமைக்கும் வழியைக் கண்டவர். கற்களை ஒற்றைப்படை எண்ணிக்கையில், ஒன்று தலைமையாகவும் மற்றவை துணையாகவும் வைப்பது அந்நாட்டு மரபு. அவருடைய இறுதிப் பெரும்படைப்பு 2015-இல் லிஸ்பன் நகரத்து மீன்காட்சியகத்தில் திறக்கப்பட்டது. நாற்பது மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர் தண்ணீர். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் மறைந்தார். லிஸ்பன் என்றதும் ஆச்சிக்கு ஆர்வம் வந்துவிட்டது. நம் அந்தோணியார் பிறந்த ஊரல்லவா! மனிதர் கேளாதபோது மீன்களுக்குப் பிரசங்கம் செய்தார் என்று மரபு கூறும் அதே அந்தோணியார்.

அமானோவின் புல்வெளி போன்ற தரைச்செடிகளுக்கு உருளையிலிருந்து கரிவளி செலுத்த வேண்டும். எங்களுக்கு அது எட்டாது. ஆசையை விட்டுவிட்டு, எளிதில் வளர்வனவற்றையே நட்டோம். பின்னணிக்கு வாலிஸ்நேரியா. வேரின்மேல் ஜாவாப் பெரணியையும் ஜாவாப் பாசியையும் நூலால் கட்டினோம். பெரணியின் கிழங்குத்தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். நடுவில் இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகொரைன் செடிகள் ஆறு. பஞ்சு வடிகட்டி ஒன்றையும் பொருத்தினோம். விளக்கு முதலில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம், பிறகு எட்டு. நுண்ணுயிர்களுக்கு உணவாக ஒரு சிட்டிகை மீனிரையை அன்றாடம் தூவுவது மகளின் வேலை. இல்லாத மீன்களுக்கு அவள் இரை போடுவதைப் பார்த்த அண்டை வீட்டார் என்ன நினைத்தார்களோ!

இரண்டாம் வாரம் கிரிப்டோகொரைன் இலைகள் கண்ணாடிபோல் நிறம் வெளுத்துக் கூழாய்க் கரைந்தன. ஆறு செடிகளும் மொட்டையாயின. "இதுவும் செத்துவிட்டதா?" என்று அவள் கேட்டபோது எங்கள் நெஞ்சு பதைத்தது. புதுச் செடிகளை வாங்கி இரவோடிரவாக நட்டுவிடலாமா என்ற எண்ணம் மின்னலாய் வந்து போயிற்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நடவில்லை. இடம் மாறினால் இச்செடி தன் இலைகளை இழப்பது உண்டு, வேர் பிழைத்திருந்தால் மறுபடி துளிர்க்கும் என்று நூலில் படித்ததை அவளுக்குச் சொன்னோம். நிச்சயமாகத் துளிர்க்கும் என்று சொல்லவில்லை. வேரைப் பிடுங்கிப் பார்க்காமலிருப்பதுதான் கடினமாயிருந்தது. ஐந்தாம் வாரம் மணலிலிருந்து பழுப்பு நிறத்தில் ஊசி முனைபோல் ஒரு துளிர். குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தை அவள் சிவப்பு மையால் எழுதியிருக்கிறாள். ஆறில் நான்கு பிழைத்தன.

பாஸ்காத் திருநாளன்று உறவினர் பிள்ளைகளெல்லாம் மீன் பார்க்க வந்திருந்தார்கள். காலையில் சோதித்ததில் அம்மோனியா அறவே இல்லை. ஆனால் நைட்ரைட்டுக் குழாயில் ஊதா நிறம் மங்கலாகத் தெரிந்தது. வாக்களித்த நாள், வீடு நிறைய விருந்தினர், கடையும் திறந்திருந்தது. 'கொஞ்சந்தானே' என்று ஒருவர் சொன்னார். குழாயை மகளிடமே கொடுத்தோம். "நாங்கள் சொன்னபடி நடக்கவில்லை, கண்ணு. இன்றைக்கு விட்டால் இறந்துபோகலாம்" என்றோம். அவள் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உதடு துடித்தது, டிசம்பரில் அடக்கிய அழுகையெல்லாம் அன்றைக்கு வந்தது. அழுது முடித்து, முகம் கழுவி வந்து, பிள்ளைகளிடம் செடிகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்னும் பன்னிரண்டு நாட்கள் ஆயின. தொடர்ந்து மூன்று நாள் ஊதா தோன்றாதபின் ஆறு ஜீப்ரா டானியோ மீன்களை வாங்கினோம். தங்கமீன் இத்தொட்டிக்குப் பெரிது, கழிவும் மிகுதி என்பதைக் கற்றிருந்தோம். பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, அந்தத் தண்ணீரையும் இந்தத் தண்ணீரையும் சிறிது சிறிதாகக் கலந்து, முக்கால் மணி நேரம் கழித்து விட்டோம். இப்போது சனிக்கிழமைதோறும் கால் பங்குத் தண்ணீரை மாற்றுகிறோம். புதுத் தண்ணீர் முந்தின நாளே வாளியில் பிடித்துவைத்துக் குளோரின் போக்கியது. வடிகட்டிப் பஞ்சை, எடுத்த தண்ணீரிலேயே பிழிகிறோம். அந்தத் தண்ணீர் முருங்கை மரத்துக்குப் போகிறது. அங்கே ஊற்றுவது அவள்தான்.

மீன் விட்ட அன்று மாலை ஆச்சி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இந்த ஆறுக்கும் என்ன பெயர் வைக்கப்போகிறாய்?" என்று கேட்டார்கள்.

"இப்போது வேண்டாம், ஆச்சி. முதலில் இருக்கட்டும்" என்றாள் அவள், குறிப்பேட்டிலிருந்து தலை நிமிராமலே.