குருவியின் குடியிருப்பு

புரட்டாசி, ஐப்பசியில் இமயச் சாரலிலிருந்து எங்கள் தாமிரபரணிக் கரைக்கு ஒரு விருந்தாளி வருகிறது. பச்சைக் கதிர்க்குருவி என்பது பெயர். எடை 10 கிராம்கூட இராது. அழகு பார்த்து அது மரம் தேர்வதில்லை. தழையில் பூச்சி, புழு உண்டா என்று பார்த்தே தங்கும். பிறகு தனக்கென ஓர் எல்லை வகுத்து, பனிக்காலம் முழுதும் குரல் கொடுத்தே காக்கும். முண்டந்துறைக் காட்டில் ஆய்வாளர்கள் கண்ட உண்மை இது.

எங்கள் தோப்புப் புளியமரத்தைச் சூளைக்கு விலை பேசியபோது, "குருவிக்கு வேறு மரமா இல்லை?" என்றார் அப்பா. மரங்கள் உண்டு, நண்பர்களே! ஆனால் தழைத்த மரமெல்லாம் முன்பே வேறொரு குருவியின் எல்லை. விரட்டப்பட்டதற்கு மிஞ்சுவது இரை குறைந்த இடமே. அரை வயிற்றோடு இமயம்வரை திரும்பிப் பறக்க வலு ஏது?

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தைப் பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார்.